லூயிசியானாவை வாங்கியபோது ஜெஃபர்சன் தம் கொள்கையைக் கைவிட்டாரா?

அரசியலமைப்பில் எழுதித் தரப்படாத அதிகாரம் எதுவும் நடுவண் அரசுக்குக் கிடையாது என்று பல்லாண்டுகள் வாதாடிய தாமஸ் ஜெஃபர்சன், தாம் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த 1803-இல் பிரான்ஸிடமிருந்து, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்துகிடந்த லூயிசியானா மாகாணத்தை வாங்கியபோது அந்தக் கொள்கையைத் தாமே மீறினாரா, மீறினார் என்றால் அதற்கு நியாயம் உண்டா என்பது இங்கே எழுப்பப்பட்ட கேள்வி. மீறினார் என்பதே என் பதில். இதை அவருடைய எதிரிகளின் வாயிலிருந்து கேட்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் எழுதிய கடிதங்களில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த மீறல் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதில் எனக்குப் பொதுவான கருத்திலிருந்து வேறுபாடு உண்டு. நிலத்தை வாங்கியதைக் காட்டிலும், வாங்கிய பிறகு மக்களிடம் போய் ஒப்புதல் கேட்பதாக எழுதிவிட்டுக் கேட்காமல் இருந்ததுதான் அவர் செய்த பெரிய பிழை என்று நான் கருதுகிறேன்.

முதலில் கொள்கையைப் பார்க்கலாம். 1791-இல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தேசிய வங்கி ஒன்றை நிறுவ முனைந்தபோது, வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன் அதை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கருத்துரை அளித்தார். நடுவண் அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்பதே அரசியலமைப்பின் அடித்தளம் என்றும், நாடாளுமன்றமான காங்கிரஸைச் சுற்றி வரையப்பட்ட அந்த எல்லைக்கோட்டை ஓரடி தாண்டினாலும் அதன் பிறகு எல்லையே இல்லாத அதிகார வெளிக்குள் நுழைந்துவிடுவோம் என்றும் அதில் எழுதினார். 1798-இல் அரசைக் குறைகூறுவோரைச் சிறையிலடைக்க வழிசெய்த சட்டங்கள் வந்தபோது, கென்டக்கி மாநில அவைக்காக அவர் மறைவில் இருந்துகொண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்தார். ஆட்சியில் இருப்பவர் மீதான நம்பிக்கையைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம், அரசியலமைப்பு என்னும் சங்கிலியால் அவரைக் கட்டிவைக்க வேண்டும் என்பது அந்த வரைவின் சாரம். அந்த வரைவு வில்சன் கேரி நிக்கலஸ் என்பவரின் கை வழியாக ஜான் பிரெக்கின்ரிட்ஜிடம் சென்றது. பிரெக்கின்ரிட்ஜ் அதைக் கென்டக்கி அவையில் முன்மொழிந்தார். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுகள் கழித்து லூயிசியானா பற்றித் தம் மனத்திலிருந்த உறுத்தலை ஜெஃபர்சன் கொட்டித் தீர்த்த மிக முக்கியமான இரு கடிதங்கள் இதே இருவருக்கும் எழுதப்பட்டவை.

அப்படிப்பட்டவர் நிலம் வாங்கும் நிலைக்கு வந்தது மிசிசிப்பி ஆற்றினால். அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே கென்டக்கி, டென்னசி, ஒஹாயோ பகுதிகளில் குடியேறியிருந்த உழவர்களுக்கு, தங்கள் மாவையும் புகையிலையையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் மலை தாண்டிக் கிழக்கே கொண்டுபோவது கட்டுப்படியாகாது. படகில் ஏற்றி ஆற்றோடு விட்டு, நியூ ஆர்லியன்ஸில் இறக்கிவைத்து, அங்கிருந்து கடற்கப்பலுக்கு மாற்றுவதே வழி. அந்த ஊரில் சரக்கை இறக்கிச் சேமித்துவைக்கும் உரிமையை 1795 உடன்படிக்கையின் மூலம் ஸ்பெயின் அமெரிக்கர்களுக்குத் தந்திருந்தது. 1800-இல் ஸ்பெயின் அந்த முழு மாகாணத்தையும் பிரான்ஸுக்குத் திருப்பித் தர இரகசியமாக ஒப்புக்கொண்டது. 1802 அக்டோபரில், நிர்வாகம் இன்னும் ஸ்பெயின் அதிகாரிகளின் கையில் இருக்கும்போதே, அந்தச் சேமிப்பு உரிமை திடீரென்று நிறுத்தப்பட்டது. மேற்கத்திய உழவர்கள் துப்பாக்கியைத் தூக்கும் மனநிலைக்கு வந்தனர். நோய்ப்பட்ட ஸ்பெயின் அங்கே இருந்தவரை பொறுத்திருக்கலாம் என்று எண்ணியிருந்த ஜெஃபர்சன், அதே ஆண்டு ஏப்ரலிலேயே பாரிஸில் இருந்த தூதர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு எழுதியிருந்தார்: உலகில் ஒரே ஓர் இடம் இருக்கிறது, அதை யார் வைத்திருந்தாலும் அவர்கள் நமக்கு இயல்பான பகைவர்கள், அந்த இடம் நியூ ஆர்லியன்ஸ், பிரான்ஸ் அதில் கால் வைக்கும் நாளில் நாம் பிரிட்டிஷ் கடற்படையோடு கைகோத்தாக வேண்டும். பிரான்ஸை நேசித்தவர், பிரிட்டனை வெறுத்தவர் எழுதிய வரிகள் இவை என்பதிலிருந்து அந்த அச்சம் எவ்வளவு உண்மையானது என்று தெரியும்.

எனவே 1803 சனவரியில் ஜேம்ஸ் மன்றோவைச் சிறப்புத் தூதராகப் பாரிஸுக்கு அனுப்ப முடிவாயிற்று. வாங்க நினைத்தது நியூ ஆர்லியன்ஸ் நகரையும் ஃபுளோரிடா பகுதிகளையும் மட்டுமே. காங்கிரஸ் 20 இலட்சம் டாலர் ஒதுக்கியது. தூதர்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் ஏறத்தாழ 94 இலட்சம் டாலர் வரை போகலாம் என்றது.

அரசியலமைப்புக் கேள்வி அப்போதே, அதாவது ஒரு சதுர அடி நிலம்கூடக் கைக்கு வருவதற்கு முன்பே, அமைச்சர்களிடையே எழுந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலைமை வழக்குரைஞர் லிவை லிங்கன் ஒரு சுற்றுவழியை முன்வைத்தார்: புது நிலத்தை நாட்டோடு சேர்ப்பதாகச் சொல்லாமல், ஏற்கெனவே உள்ள மிசிசிப்பி ஆட்சிப்பகுதியின் எல்லையோ ஜார்ஜியா மாநிலத்தின் எல்லையோ நீட்டிக்கப்படுவதாக உடன்படிக்கையை எழுதிவிட்டால் சிக்கல் தீரும் என்றார். ஜெனீவாவில் பிறந்து அமெரிக்காவின் நிதிச் செயலரான ஆல்பர்ட் கலட்டின் இந்த மழுப்பலை ஏற்கவில்லை. நடுவண் அரசுக்கு நிலம் சேர்க்கும் அதிகாரம் இல்லை என்றால், ஒரு மாநிலத்தின் எல்லையை நீட்டும் அதிகாரம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, அவர் தம் வாதத்தை மூன்று படிகளாக வைத்தார். ஐக்கிய அமெரிக்கா ஒரு நாடு; நாடு என்ற வகையிலேயே நிலம் பெறும் உரிமை அதற்கு இயல்பாக உண்டு. அந்த நிலம் உடன்படிக்கையால் வருமானால், உடன்படிக்கை செய்யும் அதிகாரம் பெற்ற குடியரசுத் தலைவரும் காங்கிரஸின் மேலவையான செனட்டும் அதற்கு ஒப்புதல் தரலாம். வந்த பிறகு அதைப் புதிய மாநிலமாகச் சேர்ப்பதா, ஒரு மாநிலத்தின் இசைவோடு அதனுடன் இணைப்பதா, தனி ஆட்சிப்பகுதியாக ஆள்வதா என்பதைக் காங்கிரஸ் முடிவு செய்யலாம்.

இந்த வாதத்தின் வலிமையை நம் நாட்டு அனுபவத்திலிருந்தும் உணரலாம். இந்திய அரசியலமைப்பின் முதல் உறுப்பு, இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் இனிமேல் பெறப்படக்கூடிய நிலப்பகுதிகளும் அடங்கும் என்று சொல்கிறது. மேற்கு வங்கத்தின் பேருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுப்பது தொடர்பாக 1960-இல் கருத்துரை வழங்கிய உச்ச நீதிமன்றம், அந்த வரி நிலம் பெறும் அதிகாரத்தை வழங்கவில்லை, அந்த அதிகாரம் இறையாண்மை கொண்ட நாட்டுக்கு இயல்பாகவே உரியது என்று விளக்கியது. நிலத்தை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதற்குத்தான் அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்றது. நிலம் பெறுவது குறித்துக் கலட்டின் 1803-இல் சொன்னதும் இதுதான்.

ஜெஃபர்சன் கலட்டினுக்கு அளித்த மறுமொழி சிறியது. ஆனால் முழு விவகாரமும் அதற்குள் இருக்கிறது. நிலம் பெறுவதில் அரசியலமைப்புத் தடை இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டார். பெற்ற நிலத்தை ஒன்றியத்துக்குள் சேர்ப்பதைப் பற்றி மட்டும், அரசியலமைப்பைத் திருத்தாமல் ஒன்றியத்தைப் பெருக்க இடங்கொடாமல் இருப்பதே பாதுகாப்பானது என்று எழுதினார். நிலம் வாங்குவது வேறு, அந்த நிலத்தின் மக்களையும் வருங்கால மாநிலங்களையும் ஓர் ஒப்பந்தக் கூட்டுக்குள் பங்காளிகளாகச் சேர்ப்பது வேறு என்ற இந்தப் பிரிப்பு நுட்பமானது. ஆனால் கோடைக்குள் அவர் முதல் பாதியையும் விட்டுக்கொடுக்க மறுக்கும் நிலைக்குப் போனார். ஆகஸ்டு 9 அன்று, அரசியலமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் டிக்கின்சனுக்கு எழுதிய கடிதத்தில், அயல்நிலத்தை வைத்துக்கொள்ளும் அதிகாரமே அரசியலமைப்பில் தரப்படவில்லை, ஒன்றியத்தில் சேர்ப்பது அதைவிடவும் தூரம் என்றார். சனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையே மாறியது வாங்கும் பொருளின் அளவு. ஒரு துறைமுக நகருக்குப் பொருந்திய தர்க்கம் நாட்டின் பரப்பையே இரட்டிப்பாக்கும் நிலத்துக்கும் பொருந்துமா என்று அவர் மனம் தடுமாறியிருக்க வேண்டும்.

அந்த அளவு மாறியதற்குக் காரணம் கரீபியக் கடலில் இருந்தது. பிரான்ஸின் செல்வக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கோவில் விடுதலை பெற்றிருந்த அடிமைகளை மீண்டும் அடக்க நெப்போலியன் தம் மைத்துனர் லெக்லெர்க்கின் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். அந்தக் கருப்பின மக்களின் எதிர்ப்பும் மஞ்சள் காய்ச்சலும் அந்தப் படையைத் தின்றுவிட்டன. 1802 நவம்பரில் லெக்லெர்க்கும் இறந்தார். கரும்புத் தீவு கைநழுவிப்போனால் அதற்கு உணவும் மரமும் அனுப்ப வேண்டிய லூயிசியானாவுக்கும் பயனில்லை. பிரிட்டனோடு போர் மூண்டால் அதைக் காக்கவும் முடியாது. 1803 ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலேரான், முழு மாகாணத்துக்கும் என்ன தருவீர்கள் என்று லிவிங்ஸ்டனிடம் கேட்டார். மன்றோ மறுநாள்தான் பாரிஸை அடைந்தார். ஏப்ரல் 30 தேதியிட்ட உடன்படிக்கையின்படி விலை 6 கோடி ஃபிராங்க். அதோடு அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிரான்ஸ் தர வேண்டியிருந்த 2 கோடி ஃபிராங்க்கையும் அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. ஆக மொத்தம் ஏறத்தாழ 1.5 கோடி டாலர், சுமார் 8,28,000 சதுர மைல். அமெரிக்காவுக்கு இந்த வாய்ப்பைத் தம் உயிரைக் கொடுத்து உண்டாக்கித் தந்த மக்கள் 1804-இல் ஹைட்டி என்ற பெயரில் விடுதலை அறிவித்தபோது, ஜெஃபர்சன் அவர்களை ஏற்கவில்லை. அமெரிக்கா அந்த நாட்டை அங்கீகரிக்க 1862 வரை ஆயிற்று. இதை எழுதாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

உடன்படிக்கையின் இரண்டு விதிகள் அரசியலமைப்போடு நேராக மோதின. மூன்றாம் விதி, அந்த மாகாணத்தின் குடிமக்கள் ஒன்றியத்துக்குள் சேர்க்கப்பட்டு, கூடிய விரைவில் அமெரிக்கக் குடிமக்களுக்குரிய எல்லா உரிமைகளையும் பெறுவார்கள் என்றது. ஏழாம் விதி, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களுக்கு நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் 12 ஆண்டுகளுக்குச் சிறப்புச் சலுகை தந்தது. ஆனால் ஒரு மாநிலத்தின் துறைமுகத்துக்கு மற்றொன்றைவிட முன்னுரிமை தரலாகாது என்று அரசியலமைப்பு தெளிவாகச் சொல்லியிருந்தது. உடன்படிக்கை கையெழுத்தான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதாவது அக்டோபர் 30-க்குள், இரு தரப்பும் ஒப்புதல் பத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கெடுவும் இருந்தது. செய்தி வாஷிங்டனுக்கு எட்டியது சூலை 3 மாலையில். மறுநாள் விடுதலை நாள்.

மகிழ்ச்சிக் கூச்சலுக்கு நடுவே ஜெஃபர்சன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒரு வரைவு எழுதியது. அந்த முதல் வரைவு நீளமானது. சட்டச்சிக்கலைத் தீர்ப்பதோடு நில்லாமல், அந்தப் பெருநிலத்தை எப்படி ஆள வேண்டும் என்ற ஒரு திட்டமாகவே விரிந்தது. லூயிசியானா ஒன்றியத்தோடு இணைக்கப்படுகிறது என்று தொடங்கி, அங்குள்ள பூர்வகுடிகளுக்கு நிலத்தின் மீதுள்ள அனுபவ உரிமையும் தன்னாட்சி உரிமையும் உள்ளபடியே உறுதி செய்யப்படுகின்றன என்று அது சொன்னது. தென்பகுதியை மட்டும் வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டு, வடபகுதியை மூடிவைக்கவும் அது முனைந்தது. ஆனால் இதை ஈரமான மனத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்ள முடியாது. மிசிசிப்பிக்குக் கிழக்கே வாழும் பூர்வகுடிகளின் நிலத்தை வாங்கிக்கொண்டு அவர்களை ஆற்றுக்கு மேற்கே அனுப்ப வழிசெய்யும் மாற்று ஏற்பாடும் அதே வரைவுக்குள் இருந்தது. ஆகஸ்டில் எழுதிய இரண்டாம் வரைவு மிகச் சுருங்கிவிட்டது. லூயிசியானா நாட்டின் பகுதியாக்கப்படுகிறது, அதன் வெள்ளைக் குடிகள் குடிமக்கள் ஆவார்கள் என்பதே அதன் முதன்மையான சாரம். பூர்வகுடிகளின் உரிமையை உறுதிசெய்த வரி அதில் இல்லை. 'வெள்ளை' என்ற சொல் மட்டும் இருந்தது.

ஆகஸ்டு 12 அன்று பிரெக்கின்ரிட்ஜுக்கு எழுதிய கடிதம்தான் அரசியலமைப்பைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியது. நாட்டுக்குப் பெருநன்மை தரும் நழுவியோடும் ஒரு வாய்ப்பைப் பற்றிக்கொண்டதில் நிர்வாகம் அரசியலமைப்புக்கு அப்பாற்பட்ட செயலைச் செய்துவிட்டது என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார். காங்கிரஸ் நுண்வாதங்களை ஒதுக்கிவிட்டு, நம்பிக்கைக்குரிய ஊழியரைப்போல் தன்னைப் பணயம் வைத்து, உடன்படிக்கையை ஏற்றுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நாட்டின் முன் வந்து நிற்க வேண்டும் என்றார். ஒரு மைனரின் காப்பாளர் அந்தப் பிள்ளையின் பணத்தைப் போட்டு, பக்கத்து நிலத்தை வாங்கிவிட்டு, பிள்ளை வயதுக்கு வந்ததும், உன் நன்மைக்காகச் செய்தேன், உன்னைக் கட்டுப்படுத்த எனக்கு உரிமை இல்லை, வேண்டாமென்றால் நீ தள்ளிவிடலாம், சிக்கலிலிருந்து நான் என்னால் ஆனபடி மீண்டுகொள்கிறேன் என்று சொல்வதற்கு இதை ஒப்பிட்டார். முன்கூட்டி அதிகாரம் தராத செயலுக்குப் பின்னர் ஒப்புதல் தரும் வகையில் அரசியலமைப்பில் ஒரு கூடுதல் உறுப்பைச் சேர்க்குமாறு மக்களிடம் முறையிட வேண்டியிருக்கும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்தார்.

இந்த உவமை எனக்கு நேர்மையானதாகவே படுகிறது. மைனர் சொத்தைக் கையாளும் காப்பாளர் சில வேளை எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பத்து நாளில் கைமாறிப்போகும் நிலத்துக்குப் பிள்ளை வளரும்வரை காத்திருக்க முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் தருவது ஒன்றே ஒன்று: பிள்ளை வயதுக்கு வரும் நாளில் காப்பாளர் கணக்கை விரித்து அவன் முன் வைப்பது. அதைச் செய்யாத காப்பாளருக்கும் சொத்தைத் தன் விருப்பப்படி ஆண்டவருக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லை.

கடிதம் எழுதி ஐந்தாறு நாள்கூட ஆகவில்லை. நெப்போலியன் விற்றதற்கு வருந்துகிறார், சிறு சாக்குக் கிடைத்தாலும் பின்வாங்கிவிடுவார் என்று எச்சரிக்கும் லிவிங்ஸ்டனின் கடிதம் வந்துசேர்ந்தது. ஆகஸ்டு 18 அன்று ஜெஃபர்சன் பிரெக்கின்ரிட்ஜுக்கு மீண்டும் எழுதி, முந்தைய கடிதத்தில் சொன்னது எதையும் வெளியில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசியலமைப்புச் சிக்கலைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது, செய்ய வேண்டியதை ஓசையின்றிச் செய்துவிட வேண்டும் என்று அதே நாளில் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மேடிசனுக்கும் எழுதினார். ஸ்பெயினும், மூன்றாம் நாட்டுக்கு விற்கமாட்டோம் என்று தனக்கு வாக்களித்த பிறகு பிரான்ஸ் விற்றது செல்லாது என்று செப்டம்பரில் முறையிடத் தொடங்கியது. அவசரம் பொய்யன்று.

செப்டம்பர் தொடக்கத்தில் வில்சன் கேரி நிக்கலஸ், உடன்படிக்கை அதிகாரத்துக்குள் இது அடங்கும், அடங்காது என்று நீங்களே சொன்னால் செனட் தள்ளிவிடக்கூடும் என்று எச்சரித்து எழுதினார். அதற்கு ஜெஃபர்சன் 7-ஆம் தேதி எழுதிய பதிலில் அவருடைய கொள்கையின் மிகச் சிறந்த வடிவமும் அதன் கைவிடலும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சாசனத்துக்கு இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால், எல்லை தெரியும் பாதுகாப்பான பொருளையே நான் ஏற்பேன். அதிகாரம் போதவில்லை என்றால் மக்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வேனே தவிர, பொருள்விரித்து எடுத்துக்கொள்ள மாட்டேன். எழுதப்பட்ட அரசியலமைப்பு இருப்பதே நமக்குள்ள தனிப் பாதுகாப்பு, அதை வெற்றுத்தாளாக்கிவிட வேண்டாம் என்று எழுதுகிறார். அப்படி எழுதிவிட்டு, நம் நண்பர்கள் வேறுவிதமாக எண்ணினால் நான் மனநிறைவோடு இசைந்துகொள்கிறேன், தீமை விளைந்தால் நாட்டின் நல்லறிவு அதைத் திருத்திக்கொள்ளும் என்று முடிக்கிறார். அக்டோபர் 17 அன்று காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் திருத்தம் என்ற சொல்லே இல்லை. மூன்றே நாளில், 24-க்கு 7 என்ற வாக்கில் செனட் ஒப்புதல் தந்தது.

ஜெஃபர்சனுக்காக இரண்டு வகையில் வாதிடுகிறார்கள். கலட்டின் சொன்னதே சரியான சட்டம், ஆகவே மீறலே இல்லை என்பது ஒன்று. சட்டத்தைப் பொறுத்தவரை இதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அவர் தம் கொள்கையை மீறினாரா என்பது. கலட்டினின் வாதம், எழுத்தில் இல்லாத அதிகாரமும் அரசுக்கு இயல்பாக உண்டு என்று ஹாமில்டன் 1791-இல் வங்கிக்காகச் சொன்னதன் உடன்பிறப்பு. அதை ஏற்றுக்கொண்டால் வங்கியையும் ஏற்றிருக்க வேண்டும். நேரம் இல்லை, நாட்டின் உயிர்நாடியே பணயத்தில் இருந்தது என்பது இரண்டாவது. அக்டோபர் 30 வரைக்கும் இந்த வாதம் முழுமையாகச் செல்லும். அந்தக் கெடுவுக்குள் திருத்தத்தை நிறைவேற்றியிருக்க முடியாது, காத்திருந்தால் நிலம் போயிருக்கும், உழவர்களின் ஆற்றுவழி போர்க்களமாகியிருக்கும். ஓரிடத்தில் கையெழுத்திட்டே ஆக வேண்டிய தலைவரை, சட்டப் புத்தகத்தை நீட்டிக் குற்றஞ்சாட்ட நான் துணியமாட்டேன்.

ஆனால் நவம்பரில் என்ன தடை? திசம்பர் 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கக் கொடி ஏறிவிட்டது. இனி நெப்போலியன் பின்வாங்க இடமில்லை. திருத்தம் நிறைவேற்றுவது கடினம் என்ற சமாதானமும் நில்லாது. ஏனென்றால் அதே காங்கிரஸ், அதே 1803 திசம்பரில், குடியரசுத் தலைவர் தேர்தல் முறையை மாற்றும் பன்னிரண்டாம் திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. அப்போதிருந்த 17 மாநிலங்களில் தேவையான 13 மாநிலங்கள் 1804 சூன் மாதத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டன. ஆறே மாதம்! 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் சம வாக்குப் பெற்றதால் பட்ட அடியை மீண்டும் படாமலிருக்க அவருடைய கட்சி விரும்பியபோது திருத்தம் எளிதாக நடந்தது. மக்களிடையே அத்தனை வரவேற்பைப் பெற்ற லூயிசியானாவுக்கு அதே பெரும்பான்மையைத் திரட்ட முடியாமல் போயிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அவர் மனம் வைக்கவில்லை என்பதே நேரான முடிவு. அவசரகால மீறலை நான் மன்னிப்பேன். அவசரம் தீர்ந்த பிறகும் நீடித்த மௌனத்தை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் அன்று காட்டிய சட்டப்பற்றையும் அப்படியே ஏற்க முடியாது. அதிகாரங்களை விரித்துப் பொருள்கொண்டு வங்கி நிறுவியவர்கள், மேற்கில் புதிய மாநிலங்கள் பெருகினால் நியூ இங்கிலாந்தின் செல்வாக்குக் குன்றும் என்று கண்டதும் எழுத்தை எண்ணி எண்ணிப் படிக்கத் தொடங்கினர். வணிகக் கூட்டில் புதுப் பங்காளியைச் சேர்க்க ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு பங்காளியின் இசைவும் வேண்டும், அதுபோல எல்லா மாநிலங்களும் இசைய வேண்டும் என்று டிமத்தி பிக்கரிங் செனட்டில் வாதாடினார். அந்த அவையில் எனக்கு மதிப்புக்குரியவராகத் தெரிபவர் இளம் செனட்டரான ஜான் குவின்சி ஆடம்ஸ். ஃபெடரலிஸ்டாக இருந்தும் நிலம் வாங்கியதை அவர் வரவேற்றார். அதே வேளையில் அதை முறைப்படுத்த ஒரு திருத்தம் வேண்டும் என்று முன்மொழிந்தார். லூயிசியானா மக்களின் இசைவைப் பெறாமல் அவர்கள்மீது வரி விதிக்கக் காங்கிரஸுக்கு உரிமை இல்லை என்றும் வாதிட்டார். ஜெஃபர்சன் கடிதத்தில் எழுதிவிட்டுக் கைவிட்ட வேலையை அவையில் செய்ய முயன்றவர் அவர்தான். அவருடைய தீர்மானங்களுக்கு ஆதரவு கிடைக்கவில்லை.

அந்த மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே அரசு அதிகாரம் பெறுகிறது என்று 1776-இல் எழுதியவர் ஜெஃபர்சன். நம்முடைய புதிய சக குடிமக்கள் தன்னாட்சிக்குக் குழந்தைகளைப்போல் இன்னும் தகுதியற்றவர்கள் என்று 1803 திசம்பரில் அவரே எழுதினார். 1804 மார்ச்சில் வந்த சட்டம் மாகாணத்தை இரண்டாகப் பிரித்தது. ஆர்லியன்ஸ் என்ற தென்பகுதிக்கு ஆளுநரையும் 13 பேர் கொண்ட சட்டமியற்றும் குழுவையும் குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்றது. தேர்தல் இல்லை. ஆளுநராக வந்த வில்லியம் கிளெய்போர்னுக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. அந்த ஊரார் எதிர்ப்பு மனு ஒன்றைத் தயாரித்து, மூன்று பேரை வாஷிங்டனுக்கு அனுப்பினர். உடன்படிக்கையின் மூன்றாம் விதி எங்களுக்கு வாக்களித்த உரிமை எங்கே என்று அமெரிக்கர்களின் சொந்த விடுதலைக் கொள்கைகளையே எடுத்துக்காட்டி அந்த மனு கேட்டது. 1805-இல் தேர்ந்தெடுக்கப்படும் அவை ஒன்று கிடைத்தது. 1812-இல் லூயிசியானா மாநிலமாயிற்று. அதே மனு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் உரிமையையும் கேட்டது என்பதை மறைக்கக் கூடாது. அடிமைகளிடமும் பூர்வகுடிகளிடமும் எந்த மனுவையும் எவரும் கேட்கவில்லை. பூர்வகுடிகளின் உரிமையை உறுதிசெய்ய இருந்த வரி ஜெஃபர்சனின் மேசையிலேயே அழிந்தது. கிழக்கு நிலத்துக்கு மாற்றாக மேற்கு நிலம் தரும் ஏற்பாடு மட்டும் 1804 சட்டத்தில் ஒரு பிரிவாக ஏறியது.

தீமை விளைந்தால் நாட்டின் நல்லறிவு திருத்திக்கொள்ளும் என்று நிக்கலஸுக்கு எழுதினாரே, அது நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 1828-இல் ஃபுளோரிடா தொடர்பான வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் அதிகாரம் இருப்பதால் வெற்றி மூலமோ உடன்படிக்கை மூலமோ நிலம் பெறும் அதிகாரமும் உண்டு என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். ஜெஃபர்சன் வாழ்நாளெல்லாம் எதிர்த்த பொருள்விரிக்கும் முறையின் தலைமகன் மார்ஷல். அவருக்கு வழி திறந்துவைத்தது ஜெஃபர்சனின் மௌனம். 1844-இல் டெக்சஸ் இணைப்பு உடன்படிக்கையை 35-க்கு 16 என்ற வாக்கில் செனட் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு இரு அவைகளின் கூட்டுத் தீர்மானத்தால், வெறும் பெரும்பான்மையோடு, டெக்சஸ் சேர்க்கப்பட்டது. 1898-இல் ஹவாயும் இப்படியே வந்தது. நிலம் பெறுவதும் ஒன்றியத்தில் சேர்ப்பதும் வெவ்வேறு என்று 1803 சனவரியில் ஜெஃபர்சன் பிரித்துக் காட்டிய கேள்வியோ 1901-இல் போர்ட்டோ ரிக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அரசியலமைப்பு முழுமையாகப் பொருந்தும் வகையில் அமெரிக்காவின் பகுதி அன்று என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அந்தத் தீவில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இன்றும் வாக்கு இல்லை.